லேலம் விளித்த போன்

போனின் கறுப்புத் திரையில் லினக்ஸ் எழுந்து நின்ற அந்தக் காலையில் எனக்கு வந்த முதல் ஆசை, கூரை அதிரக் கத்த வேண்டும் என்பதுதான். ஆனால் கத்தக்கூடாது. கத்துவது இருக்கட்டும், முணுமுணுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் எழுந்து நின்று இரண்டு கையாலும் தொடையில் பட்பட்டென்று அடித்துக்கொண்டேன். அடுக்களையிலிருந்து மனைவி தோசைக்கரண்டியோடு ஓடிவந்தாள். எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

நான் சந்தையில் லேலம் விளிக்கிறவன். மற்ற ஊர்களில் ஏலம் போடுவார்கள், நாங்கள் லேலம் விளிப்போம். பனச்சமூட்டுக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவே சாலையோரத் தகரக் கொட்டகையில் வாரம் இரண்டு நாள் வாழைக்குலைச் சந்தை கூடும். குலை கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். வாங்க வருகிற வியாபாரிகள் மார்த்தாண்டத்துப் பக்கமும் உண்டு, நெய்யாற்றின்கரைப் பக்கமும் உண்டு. ஒரே மூச்சில் விலையைத் தமிழிலும் மலையாளத்திலும் விளிக்க வேண்டும். பிறகு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூணாம் தரம் சொல்லிவிட்டால் குலை போனது போனதுதான். அதற்கப்புறம் எவன் விரலைத் தூக்கினாலும் செல்லாது. இரண்டு மாநிலத்து ஆட்கள் கூடுகிற இடத்தில் சண்டை வராமல் இருப்பதே இந்த ஒரு கட்டுப்பாட்டினால்தான்.

எங்கள் குடும்பத்தில் முந்தின தலைமுறையெல்லாம் சர்க்கார் குமாஸ்தாக்கள். சத்தம் உயர்த்திப் பேசினாலே கௌரவக் குறைச்சல் என்று வளர்ந்தவர்கள். அவர்கள் எல்லாரும் மிச்சம் வைத்த சத்தத்தை நான் ஒருவனே கத்தித் தீர்த்தேன். தீர்த்ததில் குரல்நாணில் ஒரு முடிச்சு விழுந்தது. நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு, சில வாரங்களுக்கு ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, அதற்குப் பிறகும் சத்தம் போடுவதை மறந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே சந்தைச் செயலாளர் ஆப்பிளோடு வந்தார். அந்த மனிதர் ஆப்பிள் வாங்கி நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

"தம்பி ஒண்ணும் விஷமிக்கண்டாம், கவலை வேண்டாம். ஓணம் வருதில்லா, அதுவரைக்கும் ஒற்றசேகரமங்கலத்துக்காரன் ஒருத்தன் உண்டு. உத்சவத்துக்கெல்லாம் மைக்கில பேசுதவனாக்கும். அவன் விளிக்கட்டு. நீ ரெஸ்ட் எடு," என்றார்.

'அதுவரைக்கும்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? ஓணச் சந்தையை விளித்தவன்தான் வருஷம் முழுக்க விளிப்பான். நானே அப்படித்தான் லேலம் விளிக்கிற மேசைக்கு வந்தேன். செயலாளர் படியிறங்கிப் போன பிறகு மனைவி சொன்னாள்: "போட்டும் விடுங்க. ரப்பர் உண்டு, வாழை உண்டு, கஞ்சி குடிக்க வழியில்லாமலா இருக்கு?"

கஞ்சிக்காகவா நான் விளிக்கிறேன்? கொட்டகையில் இருக்கிற அத்தனை கண்ணும் என் வாயைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டும். அதைவிட்டால் எனக்கு வேறு பெருமை கிடையாது. இதை அவளிடம் சொல்ல வாயும் கிடையாது. ஆப்பிளை ஒரு கடி கடித்துவிட்டு எறிந்தேன்.

இந்தக் கோபத்தில்தான் அது ஞாபகத்துக்கு வந்தது. லேலத்துக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை நடத்தியவன். பழைய பெட்டிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டியிருக்கிறேன். எழுதிக் கொடுத்ததைப் பேசும் ஈஸ்பீக் என்று ஒரு நிரல் அதில் உண்டு. இத்தனூண்டு அளவு, இன்டர்நெட் வேண்டாம், தமிழும் பேசும், மலையாளமும் பேசும். மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் பேசும். கடையை மூடியபோது கம்ப்யூட்டர்களையெல்லாம் கொடுத்துவிட்டேன். லினக்ஸ் போட மிச்சம் இருந்தது ஓரம் உடைந்த என் போன் மட்டும்.

போனிலேயே பேசுகிற செயலிகள் கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஒன்று நடுவில் விளம்பரம் காட்டியது. மூணாம் தரத்துக்கு முன்னால் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தால் என் மானம் என்ன ஆகும்? இன்னொன்றுக்கு இன்டர்நெட் வேண்டும். எங்கள் கொட்டகையில் மேற்கு ஓரம் நின்றால் ஒரு டவர், கிழக்கு ஓரம் நின்றால் வேறு டவர், நடுவில் நின்றால் இரண்டும் கிடையாது. வேறு யாரையாவது பேசவைத்துப் பதிவு செய்யலாம் என்றாள் மனைவி. அது அவன் விளித்த லேலமாகிவிடுமே, என் லேலமாக இருக்குமா?

ரூட் பண்ணுவதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். ரூட் பண்ணுவதென்றால் போனின் பூட்டைத் திறந்து முழு அதிகாரத்தையும் நம் கையில் எடுத்துக்கொள்வது. எடுத்தால் என் வங்கிச் செயலி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வியாபாரிகள் பணம் போடுவது அந்தப் போனுக்குத்தான். பூட்டைத் தொடாமல் உள்ளே லினக்ஸை உட்காரவைக்க வேண்டும்.

அதற்கும் வழி இருந்தது. டெர்மக்ஸ் என்ற செயலியை இறக்கினேன். கறுப்புத் திரை, அதில் கட்டளை தட்டச்சு செய்யலாம். அதற்குள்ளிருந்து ஆல்பைன் என்ற மிக லேசான லினக்ஸை இறக்கினேன். கல்யாண வீடியோ ஒன்று இறங்குகிற நேரத்தில் இதை ஒரு டஜன் தடவை இறக்கலாம், அவ்வளவு சின்னது. சுண்டுவிரல் அளவு விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். போன் தானாகத் திருத்துகிறேன் என்று கட்டளைகளையெல்லாம் கெடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினேன். கடைசியில் 'நான் யார்' என்று லினக்ஸிடம் கேட்கிற கட்டளையைப் போட்டேன். 'ரூட்', அதாவது முழு அதிகாரம் உள்ள ஆள், என்று பதில் வந்தது. பூட்டு அப்படியே இருக்கிறது, வங்கிச் செயலி அப்படியே இருக்கிறது, ஆனால் இந்தச் சின்ன அறைக்குள் நான்தான் ராஜா! அப்போதுதான் தொடையில் அடித்துக்கொண்டேன். அதற்குத்தான் அவள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

ஈஸ்பீக்கும் உள்ளே வந்து உட்கார்ந்தது. 'சாயா வேணும்' என்று தட்டி அனுப்பினேன். சத்தமே இல்லை. பிழைச்செய்தியும் இல்லை. அரைநாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. உள்ளே இருக்கிற லினக்ஸுக்குப் போனின் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. வெளியே டெர்மக்ஸில் ஒலிக்கென்று ஒரு நிரலை ஓடவிட்டு, உள்ளே இருப்பவனுக்கு அதன் விலாசத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தேன். முன்பு அனுப்பியதையே மறுபடி அனுப்பினேன்.

"சாயா வேணும்," என்றது போன், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு போலீஸ்காரர் பேசுகிற குரலில்.

மனைவி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "யாரு வந்திருக்கா?" என்றாள். நான் போனைத் தூக்கிக் காட்டினேன். மறுபடி பேசவைத்தேன். அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்து கேட்டாள். "அய்ய, இதாக்கும் இனி என்னட்ட பேசப்போறது?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்தவே இல்லை. எனக்கும் சிரிப்பு. சத்தமில்லாமல் சிரித்து வயிறு வலித்தது. பேச்சு நின்றுபோன வீட்டில் அன்றைக்குத்தான் கலகலப்பு திரும்பியது. அன்று சாயாவும் உடனே வந்தது. கல்யாணம் ஆன நாளாக இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

பிறகு வெறிதான். பழைய கடையில் மிஞ்சிய எண்பலகை ஒன்று அலமாரியில் கிடந்தது, எண்கள் மட்டும் உள்ள சின்ன விசைப்பலகை, பில் போட வைத்திருந்தது. அதை ஒரு சின்ன இணைப்பானால் போனில் செருகினேன். போன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒரு சிறு நிரல் எழுதினேன். விலையைத் தட்டினால் தமிழில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை விளிக்கும். கூட்டல் பொத்தானை அழுத்தினால் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று தானே எண்ணி முடிக்கும். திரை அணைந்தால் போன் இதைக் கொன்றுவிடுகிறது என்பதையும் கண்டுபிடித்து, பேட்டரி மிச்சம் பிடிக்கிற ஏற்பாட்டை டெர்மக்ஸுக்கு மட்டும் நிறுத்திவைத்தேன். சின்னப் பையனுக்கு முதல் சைக்கிள் கிடைத்த மாதிரி வீடு முழுக்கச் சுற்றினேன்.

அடுத்த சந்தை நாள் ஒற்றசேகரமங்கலத்துக்காரர் ஓர் உத்சவத்துக்குப் போயிருந்தார், மேசை காலி. நான் ஒருநாளும் தொடாத கொட்டகை ஒலிபெருக்கியில் போனை ஒயர் போட்டுச் சொருகியபோது செயலாளர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். முதல் விலையைத் தட்டினேன். கொட்டகை முழுக்க அந்தக் கிணற்றுக் குரல் இரண்டு பாஷையிலும் முழங்கியது. ஒரு நொடி எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு விசில், கைதட்டல். "எலே மக்கா, போனுக்க உள்ள ஆளை வச்சிருக்கியாலே!" என்று ஒருவர் என் முதுகில் அடித்தார். நெய்யாற்றின்கரை வியாபாரி ஒருவர் "இது கொள்ளாமல்லோ" என்று மெச்சிக்கொண்டே போனை எட்டிப் பார்த்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. சந்தோஷத்தில் விலையைத் தட்டுவதும் கூட்டலை அழுத்துவதுமாகக் கை பறந்தது. சாதாரணமாக மத்தியானம் ஆகிற சந்தை, சாயா குடிக்கிற நேரத்துக்கே பாதி முடிந்துவிட்டது.

என் சந்தோஷத்தில் நான் கவனிக்காததை மார்த்தாண்டத்து வியாபாரி ஒருவர் கவனித்துவிட்டார். கெட்டிக்காரர். விலை கொஞ்சம் ஏறினதும் ஒரு விலை சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். மெஷின் மளமளவென்று எண்ணி முடித்துவிடும். மற்றவர்கள் யோசித்து முடிப்பதற்குள் குலை அவருடையது.

குன்னத்துகாலில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்து ஏத்தன் என்கிற நேந்திரன் வாழை போடுகிற ஓர் அக்கா உண்டு. ஒற்றை ஆளாக உழைக்கிறவர். அன்றைக்கு அவருடைய குவியல்தான் சந்தையிலேயே முதல்தரம். நெய்யாற்றின்கரை வியாபாரி காதில் போனை வைத்துத் தன் கடையில் விலை கேட்டுக்கொண்டிருந்தார். மார்த்தாண்டத்துக்காரர் ஒரு விலை சொன்னார். நான் கூட்டலை அழுத்தினேன். நெய்யாற்றின்கரைக்காரர் போனை இறக்கி விரலைத் தூக்கவும் "மூணு தரம்" என்று ஒலிபெருக்கி முழங்கவும் சரியாக இருந்தது.

கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். குலை போயிற்று, அக்கா நினைத்திருந்ததற்கு எவ்வளவோ கீழே. அவர் சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். சந்தை முடிந்ததும் செயலாளர் என் பக்கத்தில் வந்து, "அடுத்த சந்தைக்கு அந்த ஒற்றசேகரமங்கலத்துக்காரனை வரச் சொல்லியிருக்கேன், தம்பி," என்றார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வெளிய வாடே! ஒரு வருஷத்துப் பாடாக்கும் நீ கொண்டு தொலைச்சது!"

எனக்கு இயல்பிலேயே பதிலுக்குப் பதில் கொடுக்காவிட்டால் தூக்கம் வராது. வாய்தான் இல்லையே. ஓடிப்போய்ப் போனை எடுத்து, 'கையைத் தூக்கப் பிந்தினது நெய்யாற்றின்கரைக்காரரு' என்று தட்டினேன். நான் தட்டி முடிப்பதற்குள் அக்கா அடுத்த மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டார். போன் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் நான்காவதில் இருந்தார். என் மனைவி தூணில் சாய்ந்து, சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் நின்றாள்.

"நீ வாயால விளிச்சப்போ என்னைக்காவது இப்பிடிக் கடகடன்னு முடிச்சிருக்கியாலே? அவன் போன்ல பேசி முடியட்டுன்னு எத்தனை மட்டம் இழுத்திருக்கே! நான் பாத்திருக்கேன்லா!"

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. நிரலைத் திறந்து பார்த்தேன். அங்கே இருந்தது அது. ஒவ்வொரு தரத்துக்கும் நடுவே 'இரண்டு நொடி தூங்கு' என்று நானே எழுதியிருந்த வரி. நிரல் எழுதுகிற எவனும் யோசிக்காமல் எழுதுகிற வரி அது. ஆனால் ஊரிலேயே லேலம் விளிக்கத் தெரிந்த நானா அதை எழுதுவது? ரெண்டாம் தரத்துக்கும் மூணாம் தரத்துக்கும் நடுவில்தானே என் தொழிலே இருக்கிறது! அங்கே நின்றுகொண்டு முகங்களைப் பார்ப்பேன். ஒருவன் எச்சில் விழுங்கினால் காத்திருப்பேன். ஒருவன் வெற்றிலையை எடுத்தால் அவனுக்கு ஆசை விட்டதென்று அர்த்தம், முடித்துவிடுவேன். இருமுவேன், தண்ணீர் குடிப்பேன், குலையை ஒரு தட்டுத் தட்டுவேன். விலை ஏறுவது அந்த இடைவெளியில்தான். அதைக் கொண்டுபோய் இரண்டு நொடி என்று ஒரு மெஷினிடம் கொடுத்திருக்கிறேன்.

தலையில் அடித்துக்கொண்டேன். அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் திகைத்துப்போனார். அந்த வரியை அழித்தேன். கூட்டலை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தரம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினால்தான் ரெண்டு தரம். எவ்வளவு நேரம் நிற்பதென்பது இனி என் விரலில். அக்காவும் மனைவியும் வியாபாரிகளாக நின்றார்கள். வீட்டிலிருந்த ஒரு பூசணிக்காயை லேலம் விட்டேன். ரெண்டு தரம் விளித்துவிட்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அய்யோ, இப்பிடிப் பாக்காதீங்க, நான் கூட்டிச் சொல்லுதேன்!" என்று சொந்தப் பூசணிக்காய்க்கே விலை ஏற்றினாள். அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். இது நடக்கும், நிச்சயம் நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் நடத்திக்காட்ட மேசை வேண்டுமே? அடுத்த சந்தையில் நான் போய்ச் சேரும்போது ஒற்றசேகரமங்கலத்துக்காரர் மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், என்னைக் கண்டதும் வணக்கம் வைத்தார். கணீரென்ற குரல். நான் போனையும் ஒயரையும் எண்பலகையையும் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். குலைகள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் அடுக்கப்பட்டன.

அக்கா தன் குலைகளைச் சுமந்துவந்து என் காலடியில் இறக்கினார்.

"அக்கா, அங்கயாக்கும் வைக்கணும்," என்றார் செயலாளர்.

"எனக்க குலை. எனக்கு இஷ்டமுள்ளவன் விளிக்கட்டு. ஒயரைக் கொடும் வே."

போன சந்தையில் நட்டப்பட்டதே அவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒற்றசேகரமங்கலத்துக்காரரே மைக்கைக் கழற்றி ஒயரை என்னிடம் நீட்டினார்.

விலையைத் தட்டினேன். இரண்டு மூன்று பேர் ஏற்றினார்கள். மார்த்தாண்டத்துக்காரர் தன் விலையைச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குலையைத் தூக்கத் தயாராக நின்றார். கூட்டலை அழுத்தினேன். ஒரு தரம். அழுத்தினேன். ரெண்டு தரம்.

விரலை எடுத்துவிட்டேன்.

நெய்யாற்றின்கரை வியாபாரி காதில் போனை வைத்து மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்தேன். கொட்டகையில் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. முதலில் குலையைப் பார்த்தார்கள், பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அத்தனை கண்ணும்!

"என்னவே, நின்னு போச்சு?" என்றார் மார்த்தாண்டத்துக்காரர். "போன் செத்துப்போச்சா?"

நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். குலையை ஒரு தட்டுத் தட்டினேன். நெய்யாற்றின்கரைக்காரர் போனை இறக்கி, எச்சில் விழுங்கி, விரலைத் தூக்கினார். மார்த்தாண்டத்துக்காரர் விடுவாரா? அவர் ஏற்றினார். இவர் ஏற்றினார். நான் தட்டத் தட்டக் கிணற்றுக் குரல் இரண்டு பாஷையிலும் ஏறிக்கொண்டே போனது. அந்த வருஷம் அந்தக் கொட்டகையில் யாருமே கேட்காத விலைக்குப் போய் நின்றது. மார்த்தாண்டத்துக்காரர் சட்டைப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்தார். நான் உடனே அழுத்தினேன்.

"மூணு தரம்."

கொட்டகை அதிர்ந்தது. செயலாளர் ஒற்றசேகரமங்கலத்துக்காரரின் தோளில் கைபோட்டு, "வாரும், ஒரு சாயா குடிக்கலாம்," என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் மற்ற விவசாயிகள் அங்கே அடுக்கியிருந்த குலைகளைத் தூக்கி என் பக்கம் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள்.

அக்கா எடைமேடை ஓரத்தில் உட்கார்ந்து சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். அவர் எழுந்து வந்து, வாழைக்கறை படிந்த கையால் என் வாயைப் பொத்தினார்.

"பேசாதே மக்கா. டாக்டர் சொல்லியிருக்காருல்லா? ஓணத்துக்கு எங்களுக்கு நீ வேணும்."

தலையை ஆட்டிவிட்டு, அடுத்த குவியலின் விலையைத் தட்டினேன்.